தொடுகருவியும் அதன் உரைகல்லும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சமயத்தைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டுப் பழகிய சபை இது. பொறியியல் படிக்கும் மாணவனாகிய என்னைப் பேச அழைத்தபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று செயலாளர் அவர்களிடம் கேட்டேன். "உமக்குத் தெரிந்ததைப் பேசும், தெரியாததை விட்டுவிடும்" என்றார். அந்த ஆணைக்குக் கீழ்ப்படிந்து மிகச் சிறிய விஷயம் ஒன்றையே எடுத்துக்கொண்டேன். அளவு பார்க்கும் யந்திரம் ஒன்றின் நுனியிலே தொடுகருவி ஒன்று இருக்கிறது. வேலை தொடங்குமுன் அதை எவ்வாறு சரிபார்த்துக்கொள்வது என்பதே என் பேச்சு. விஷயம் சிறிதாயினும், அதை நான் ஒருமுறை சரியாகச் செய்யாமையால் நல்ல தொழிலாளி ஒருவருடைய பெயர் கெடப் பார்த்தது. அந்தக் கதையையும் மறைக்காமற் சொல்வேன்.

எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்திலிருந்து தொடங்குவோம். சந்தையிலே நேர்மையான வியாபாரி ஒருவர் சாமான் நிறுக்குமுன் என்ன செய்வார்? தராசைத் தூக்கி, வெறுந்தட்டுகள் இரண்டும் சமமாய் நிற்பதை வாங்குபவருக்குக் காட்டுவார். பொற்கொல்லர் என்ன செய்வார்? நாம் கொண்டுபோன நகையை உரைகல்லில் உரைத்துவிட்டு, அந்தக் கோட்டை மாத்திரம் பார்த்து மாற்றுச் சொல்லமாட்டார். மாற்றுத் தெரிந்த பொன்னையும் அதே கல்லிலே பக்கத்தில் உரைத்து, இரண்டு கோடுகளையும் ஒப்பிட்ட பின்பே வாய் திறப்பார்.

நான் படித்த மிஷன் கல்லூரியிலும் பௌதிக ஆசிரியர் எங்களுக்கு முதன்முதற் கற்பித்த பாடம் இதுவே. நுண்மானித் திருகுக் கணிச்சியைக் கையிலே தந்து, "கம்பியை வைக்குமுன் வாயை வெறுமையாக மூடிப் பூச்சிய வழுவைப் பார்" என்பார். பூச்சிய வழுவைக் குறிக்காத மாணவனுடைய விடை சரியாக இருந்தாலும் அவர் புள்ளியைக் குறைத்துவிடுவார். அப்பொழுது அது வீண் கண்டிப்பென்று நினைத்தோம். பிறிதொன்றை அளக்கப் புகும் கருவி முதலில் தன்னுடைய வழுவை அறிந்திருக்க வேண்டும் என்பதையே அவர் எங்களுக்குப் புகட்டினார். நான் இன்று சொல்லப்போவது முழுவதும் இந்த ஒரு வசனத்தின் விரிவேயாகும்.

இனி யந்திரத்துக்கு வருவோம். இதன் பெயர் ஆள்கூற்று அளவு யந்திரம். தொழிற்சாலைகளில் சீ. எம். எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பாரமான கருங்கல் மேசை ஒன்று. அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் பாலம் ஒன்று. அந்தப் பாலத்தில் இடமும் வலமும் ஓடும் வண்டில் ஒன்று. அந்த வண்டிலிலிருந்து கீழே இறங்கி மேலே ஏறும் தூண் ஒன்று. இம்மூன்று அசைவுகளுக்கும் தனித்தனியே நுட்பமான அளவுகோல்கள் உண்டு. கேத்திரகணிதத்திலே மூன்று அச்சுக்களைக் கடதாசியில் வரைந்தோமல்லவா? அவற்றையே கல்லாலும் உலோகத்தாலும் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்கொத்லாந்திலே பெராண்டி என்ற கம்பனியார் 1950ஆம் ஆண்டுகளில் இவ்வகை யந்திரத்தைச் செய்து வெளியிட்டார்கள். இன்று மோட்டார் வண்டி, ஆகாய விமானம், சத்திரசிகிச்சைக் கருவி என்று நுட்பமான உறுப்புக்கள் செய்யுமிடமெல்லாம் இது இருக்கிறது.

இந்த யந்திரம் பேசும் மொழி மைக்கிரோன் என்னும் அளவாகும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு மைக்கிரோன். நம்முடைய தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோன். இனி நான் 5 மைக்கிரோன், 9 மைக்கிரோன் என்று சொல்லும்போது, மயிரிழையில் பத்திலொரு பங்கைப் பற்றிப் பேசுகிறேன் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

யந்திரத்துக்குத் தன்னுடைய தூண் எங்கே நிற்கிறதென்பது நன்றாகத் தெரியும். ஆனால் மேசைமேல் வைத்த பொருளின் விளிம்பு எங்கே இருக்கிறதென்பது தெரியாது. கண்பார்வையற்ற ஒருவர் கைத்தடியால் படியைத் தட்டி அறிவதுபோல, இதுவும் ஒரு கோலாலே தொட்டுத்தான் அறியவேண்டும். தூணின் அடியிலே பூட்டியிருக்கும் தொடுகருவி அந்த வேலையைச் செய்கிறது. அதிலிருந்து மெல்லிய தொடுகோல் ஒன்று கீழே நீண்டிருக்கும். கோலின் நுனியிலே சிவந்த மாணிக்க மணி ஒன்று உருண்டையாய் இருக்கும். இரத்தினபுரியில் அகழ்ந்தெடுத்த மணியென்று நினைத்துவிடாதீர்கள். இது செயற்கையாக ஆக்கிய மாணிக்கம். கடினமானது, வழவழப்பானது, எளிதில் தேயாதது என்பதற்காக அதைத் தேர்ந்தார்கள்.

முற்காலத்திலே இந்த யந்திரங்களில் அசையாத கெட்டியான முனைகளே இருந்தன. வேலை செய்பவர் அந்த முனையைப் பொருளின்மேல் தம் கையால் அழுத்திவைத்து அளவெடுப்பார். ஒருவர் கை மெதுவாக அழுத்தும். இன்னொருவர் கை பலமாக அழுத்தும். பொருள் மெல்லியதாயின் அழுத்தத்திலே வளைந்தும் போகும். இங்கிலாந்திலே பிறிஸ்டல் நகரத்துக்கு அருகே றோல்ஸ் றோய்ஸ் கம்பனியார் கொன்கோர்ட் விமானத்துக்கான ஒலிம்பஸ் என்ஜின்களைச் செய்துகொண்டிருந்தபோது இந்தக் கஷ்டம் பெரிதாயிற்று. என்ஜினின் சிறு எரிபொருட் குழாய்களை நுட்பமாக அளக்கவேண்டியிருந்தது. அங்கே பணிபுரிந்த டேவிட் மக்மேர்ட்றி என்ற பொறியியலாளர், 1972ஆம் ஆண்டில் இதற்கென்று ஒரு தொடுகருவியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு, 1973இல், ஜோன் டீர் என்பவருடன் சேர்ந்து ரெனிஷோ என்ற கம்பனியைத் தொடங்கினார். 2001இல் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் அவர் காலமானார். கொன்கோர்ட் விமானம் 2003இல் பறப்பதை நிறுத்திவிட்டது. அதற்காகப் பிறந்த தொடுகருவியோ இன்றும் உலகெங்கும் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அவர் செய்த உபாயம் மிக எளியது. தொடுகோலின் மேல்முனையிலிருந்து மூன்று சிறு உருளைக் கைகள் மூன்று பக்கமும் நீண்டிருக்கும். ஒவ்வொரு கையும் இரண்டு சிறு குண்டுகளின் நடுவே தங்கியிருக்கும். ஆக ஆறு இடங்களில் தொடுகை. ஆறினூடாகவும் மெல்லிய மின்னோட்டம் ஓடும். மேலிருந்து ஒரு சுருள்வில் இவற்றை அழுத்திப் பிடித்திருக்கும். மணி பொருளிலே முட்டியதும் ஒரு கை சற்றுக் கிளம்பும், மின்தடை ஏறும், உடனே யந்திரம் மூன்று அளவுகோல்களையும் வாசித்துக்கொள்ளும். தூண் விலகியதும் சுருள்வில் கோலைப் பழைய ஆசனத்திலேயே கொண்டுபோய் அமர்த்தும். எத்தனை தரம் முட்டினாலும், ஒரு மைக்கிரோனுக்குள் அதே இடத்தில் வந்து இருக்கும். இப்பொழுது மனிதர் கையின் பலமும் பலவீனமும் கணக்கிலே இல்லை.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை வேண்டும். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து இருப்பது வேறு. அந்த இடம் எதுவென்று சரியாக அறிவது வேறு.

மணி பொருளைத் தொடும் கணத்துக்கும் மின்சுற்று அதை அறிவிக்கும் கணத்துக்குமிடையே தூண் சிறிது தூரம் நகர்ந்துவிடும். அந்த இடைவேளையிலே தொடுகோல் நாணல்போலச் சற்று வளையும். இதை முன்னகர்வு என்று அழைப்போம். கோல் நீளமாயின் வளைவு மிக விரைவாகப் பெருகும். ஒரே பலத்துக்கு, நீளம் இருமடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். ஆகையால் வேலைக்குப் போதுமான மிகக் குறுகிய கோலையே பூட்டுவார்கள்.

அதுமட்டுமன்று. மூன்று கால் முக்காலி ஒன்றைத் தள்ளிப் பாருங்கள். ஒரு காலின் திசையை நோக்கித் தள்ளினால் எளிதில் சாயாது. இரண்டு கால்களுக்கு நடுவே தள்ளினால் ஏறத்தாழ அரைவாசிப் பலத்திலேயே சாய்ந்துவிடும். தொடுகருவிக்கும் மூன்று கைகளே ஆசனம். ஆதலால் அது கிளம்புவதற்கு வேண்டிய பலம் திசைக்குத் திசை வேறுபடும். கோல் வளைவதும் வேறுபடும். வட்டமான துளையொன்றை இக்கருவி சுற்றித் தொட்டு வரைந்து காட்டினால், அந்த வட்டம் மிக மெல்லிய மூன்று இதழ்கள் உடையதுபோலத் தோன்றும். இதைக் குறைப்பதற்காகப் பின்வந்தவர்கள் ஆசனம் கிளம்பும்வரை காத்திராமல், கோலில் ஏறும் விகாரத்தை நேரே உணரும் கருவிகளையும் செய்திருக்கிறார்கள். குறைந்ததேயன்றி வழு முற்றாக ஒழியவில்லை.

ஆகவே யந்திரம் வேலை தொடங்குமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை அறியவேண்டும். முதலாவது, மணியின் மத்தி தூணிலிருந்து எங்கே இருக்கிறது? கண்பார்வையற்றவர் தம் கைத்தடியின் நீளத்தை அறிந்திருப்பதுபோல இது. இரண்டாவது, மணி எவ்வளவு பெரிது? இரண்டாவது கேள்விக்குப் பெட்டியின்மேல் விடை அச்சிட்டிருக்கிறதே, 4 மில்லிமீற்றர் என்று, எனச் சிலர் நினைக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் முன்னகர்வு 5 மைக்கிரோன் என்று வையுங்கள். அப்படியாயின் யந்திரத்தின் கணக்கில் அந்த மணி 4.000 மில்லிமீற்றர் விட்டமுள்ளதாக நடந்துகொள்ளாது, 3.990 மில்லிமீற்றர் விட்டமுள்ளதாகவே நடந்துகொள்ளும். இதைச் செயல் விட்டம் என்போம். யந்திரத்துக்கு வேண்டியது பெட்டியில் எழுதிய விட்டமன்று, செயல் விட்டமே.

இந்த 10 மைக்கிரோனைக் கவனியாது விட்டால் என்ன ஆகும்? ஒரு துளையின் விட்டத்தை அளக்கும்போது, மணியின் மத்தி உள்ளே நகர்ந்த தூரத்தோடு மணியின் விட்டத்தைக் கூட்டவேண்டும். ஒரு தண்டின் விட்டத்தை அளக்கும்போதோ, வெளியே நகர்ந்த தூரத்திலிருந்து மணியின் விட்டத்தைக் கழிக்கவேண்டும். மணியை 10 மைக்கிரோன் பெரிதென்று எண்ணிக்கொண்டால், துளை 10 மைக்கிரோன் பெரிதாகத் தோன்றும். தண்டு 10 மைக்கிரோன் சிறிதாகத் தோன்றும். துளைக்குள் தண்டு ஓடவேண்டிய இடைவெளியில் 20 மைக்கிரோன் பொய் புகுந்துவிடும். அதே வேளையில், இரண்டு துளைகளின் மத்திகளுக்கிடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். இரு பக்க வழுவும் ஒன்றையொன்று வெட்டிப்போக, விடை மிகச் சரியாக வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதையில் இது மீண்டும் வரும்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காணும் காரியத்தையே தொழிற்சாலையில் கலிபிரேசன் என்கிறார்கள். நாம் அளவுத்திருத்தம் என்போம். இதற்கு உரைகல்லாக இருப்பது ஒரு நியமக் கோளம். ஒரு தண்டின்மேல் நிறுத்தி மேசையில் இறுக்கப்பட்ட, மிகவும் வட்டமான உருண்டை அது. அதன் விட்டத்தை ஓர் ஆய்கூடம் நுட்பமாக அளந்து, சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கும். தொடுகருவி அந்தக் கோளத்தின் உச்சியிலும் நடுவிலும் சுற்றிவரப் பல இடங்களில் தொடும். எதிரெதிர்ப் பக்கங்களில் தொட்டபோது தூண் நகர்ந்த தூரம் 28.990 மில்லிமீற்றர் என்றும், கோளத்தின் விட்டம் 25.000 மில்லிமீற்றர் என்றும் கொண்டால், எஞ்சிய 3.990 மணியின் செயல் விட்டம். முன்னகர்வும் வளைவும் அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கிவிட்டன.

எத்தனை இடங்களில் தொடவேண்டும்? கோளத்தின் மத்தியை அறிய மூன்று எண்கள், ஆரையை அறிய ஓர் எண், ஆக நான்கு. எனவே நான்கு புள்ளிகளே கணக்கைத் தீர்க்கப் போதும். ஆனால் நான்கு புள்ளிகளால் எப்பொழுதும் ஒரு கோளம் பிழையின்றிப் பொருந்திவிடும். அவற்றில் ஒன்று தவறானாலும் அது தவறென்று காட்ட வேறு சாட்சி இராது. ஐந்தாவது புள்ளியிலிருந்தே சாட்சி தொடங்குகிறது. தொடுகருவியைச் சோதிப்பதற்கான சர்வதேச நியமம் அரைக்கோளத்தின்மேல் 25 புள்ளிகளைத் தொடச் சொல்கிறது. புள்ளிகள் கோளத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை யந்திரம் வடிவ வழு என்று எழுதிக் காட்டும். மணியிலே தூசி, கோளத்திலே விரல் எண்ணெய், சரியாக இறுக்காத கோல், ஆடும் கோளம் ஆகிய எல்லாம் இந்த எண்ணைப் பெரிதாக்கிக் காட்டிக்கொடுக்கும்.

ஆதலால் செய்யவேண்டிய முறைகள் சில உண்டு. கோளத்தையும் மணியையும் நூல் உதிராத துணியில் மதுசாரம் தொட்டுத் துடைக்கவேண்டும். கோலை அதற்குரிய சாவியால் அளவாக இறுக்கவேண்டும். வேலையின்போது எந்த வேகத்தில் தொடுவோமோ அதே வேகத்தில் கோளத்தையும் தொடவேண்டும். வேகம் மாறினால் முன்னகர்வும் மாறும். கருவியைத் திருப்பிப் பல கோணங்களில் அளக்கவேண்டியிருந்தால், ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியே, கோளத்தை இடம் பெயர்க்காமல், திருத்தம் செய்யவேண்டும். கோலை மாற்றினாலும், கருவி எங்காவது மோதினாலும் மீண்டும் முதலிலிருந்து செய்யவேண்டும்.

வெப்பநிலையையும் மறக்கலாகாது. நீள அளவுகளெல்லாம் 20 பாகை செல்சியசில் சொல்லப்படவேண்டும் என்று 1931ஆம் ஆண்டில் சர்வதேசக் குழு தீர்மானித்தது. நம்முடைய நாட்டிலே 30 பாகை சாதாரணம். அந்தப் 10 பாகை வித்தியாசத்தில் 30 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குத் தண்டு ஏறத்தாழ 3.5 மைக்கிரோன் பருத்துவிடும். 100 மில்லிமீற்றர் நீளமான உருக்கு நீட்டுகோல் ஒன்றைக் காலையில் திருத்தம் செய்துவிட்டு, மத்தியானம் குளிரூட்டி நின்று அறை 5 பாகை ஏறினால், மணி ஏறத்தாழ 6 மைக்கிரோன் இடம்பெயர்ந்து நிற்கும். காலையிற் கண்ட திருத்தம் மத்தியானத்துக்குச் செல்லாது.

இனி என் கதை. கைத்தொழிற் பயிற்சிக்காக ஒரு தொழிற்சாலையில் சில மாதங்கள் இருந்தேன். அங்கே சிறிய அளவு யந்திரம் ஒன்று இருந்தது. அதைக் கவனிக்கும் உத்தியோகத்தர் ஒருநாள் லீவில் நின்றார். "நீர் பழகிவிட்டீரே, இன்றைக்குப் பாரும்" என்று மேற்பார்வையாளர் என்னிடம் பொறுப்பை விட்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

பழைய நியமக் கோளத்தைச் சான்றிதழ் புதுப்பிக்க அனுப்பியிருந்தார்கள். அன்று வேறு கோளம் ஒன்றைப் பூட்டவேண்டியிருந்தது. அதன் சான்றிதழில் விட்டம் 24.9872 மில்லிமீற்றர் என்று இருந்தது. நான் யந்திரத்திலே 24.9782 என்று பதிந்துவிட்டேன். இரண்டு இலக்கங்கள் இடம் மாறின, வேறொன்றுமில்லை. கோளத்தை 9 மைக்கிரோன் சிறிதென்று சொன்னமையால், யந்திரம் அந்த 9 மைக்கிரோனையும் மணியின் கணக்கிலே சேர்த்துவிட்டது. செயல் விட்டம் 3.990 என்று வரவேண்டிய இடத்தில் 3.999 என்று வந்தது. பெட்டியிலே 4 என்று எழுதியிருந்தபடியால், "இன்றைக்கு மிக நன்றாக வந்திருக்கிறது" என்றே நான் மகிழ்ந்தேன். வடிவ வழுவைப் பார்த்தேன். ஒரு மைக்கிரோனுக்கும் குறைவு. இன்னும் உறுதிப்படுத்திக்கொள்ள, துளைகளின் தூரம் தெரிந்த தகடொன்றை அளந்தேன். அதுவும் சரியாக வந்தது. மத்திகளுக்கிடையே உள்ள தூரத்தில் இந்த வழு வெட்டிப்போகும் என்பதை அப்பொழுது நான் யோசிக்கவில்லை.

அன்று பம்பிகளுக்கான தண்டுகள் 18 வந்தன. விட்டம் 30.000 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது, 29.987க்குக் கீழ்ப்படவும் கூடாது. 18 தண்டுகளும் 29.983க்கும் 29.986க்கும் இடையே நின்றன. எல்லாம் கழிவு! குறைவாகச் சாணை பிடித்த தண்டை இன்னும் சிறிது சாணை பிடித்துச் சரிக்கட்டலாம்; அதிகமாகப் பிடித்ததற்கு மருந்தில்லை. தண்டுகள் சிவப்புப் பெட்டிக்குப் போயின. சாணை பிடித்தவருடைய பெயருக்கு எதிரே மேற்பார்வையாளர் சிவப்பு மையில் குறிப்பெழுதினார். பல்லாண்டு அந்த யந்திரத்தோடு வாழ்ந்தவர் அவர்.

அவர் என்னிடம் வந்தார். கோபத்தோடு வரவில்லை. தம்முடைய மைக்கிரோமீற்றரையும் துணியிற் சுற்றிய சிலிப் கேஜ் ஒன்றையும் கொண்டுவந்தார்.

"தம்பி, என்னுடைய கணக்கில் இந்தத் தண்டுகள் 29.992க்கும் 29.995க்கும் நடுவே நிற்கின்றன. உங்கள் மெசின் வேறு சொல்லுகிறது. யார் பிழை என்று எனக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு நாளும் காலையில் இந்த 25 மில்லிமீற்றர்க் கட்டையில் வைத்துச் சரிபார்த்துத்தான் வேலை தொடங்குவேன். இதை உங்கள் மெசின் எவ்வளவு என்று சொல்லும்?"

"ஐயா, யந்திரத்தில் இன்று காலைதான் திருத்தம் செய்தேன், எல்லாம் சரியாக இருந்தது" என்றேன்.

"சரி தம்பி. ஆனாலும் இதை ஒருக்கால் பாருங்கள்" என்றார்.

கட்டையைத் துடைத்து வைத்து, இரண்டு முகங்களிலும் தொட்டேன். 24.991 என்று யந்திரம் எழுதியது. மறுபடியும் தொட்டேன், 24.991. மூன்றாம் முறையும் அதுவே. அந்த 9 மைக்கிரோனைக் கண்டதும் என் கைகால் நடுங்கின. சான்றிதழை எடுத்து ஒவ்வோர் இலக்கமாக வாசித்தேன். என் பிழை அங்கே இருந்தது.

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லுவதற்கு எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. வேறு காரணம் ஏதும் சொல்லித் தப்பலாமா என்று ஒரு கணம் எண்ணியதையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன். பின்பு போய் உள்ளபடி சொன்னேன். கோளத்தின் விட்டத்தைச் சரியாகப் பதிந்து, மீண்டும் திருத்தம் செய்து, 18 தண்டுகளையும் திரும்ப அளந்தோம். பதினெட்டும் எல்லைக்குள் நின்றன. சிவப்பு மையை வெட்டிவிட்டார்கள். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்குக் குறையில்லை, தம்பி. அந்த உருண்டையின் இலக்கத்தை இனிமேல் இரண்டு பேராகப் பாருங்கள்" என்றார். அவ்வளவுதான்.

சபையோர்களே, இதிலிருந்து நான் கற்றதைச் சொல்லி முடிக்கிறேன். அன்று காலை யந்திரம் சொன்ன சாட்சிகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. வடிவ வழு சிறிதாக இருந்தது. தகடு சரியாக வந்தது. திரும்ப அளந்தாலும் அதே எண் வந்தது. ஆயினும் விடை பிழை. தூசியையும் தளர்வையும் வடிவ வழு காட்டிக்கொடுக்கும். நாமே கொடுத்த பொய்யான அளவை அது காட்டிக்கொடுக்காது. ஏனெனில் எல்லாப் புள்ளிகளும் அந்தப் பொய்யிலே ஒற்றுமையாக நிற்கும். அதைக் காட்டிக்கொடுக்க, அந்தத் திருத்தத்தோடு சம்பந்தமில்லாத வேறொரு நியமம் வேண்டும். அன்று அதைத் துணியிற் சுற்றிக் கொண்டுவந்தவர், நான் குற்றவாளியாக்கிய மனிதரே.

கோளத்தின் சான்றிதழுக்குப் பின்னாலும் ஒரு பரம்பரை உண்டு. கோளத்தை அளந்த ஆய்கூடத்தின் கருவியை மேலான நியமம் ஒன்றோடு ஒப்பிட்டிருப்பார்கள். அதை நாட்டின் நியமத்தோடு. அதை மீற்றரின் வரைவிலக்கணத்தோடு. ஒளி வெற்றிடத்தில் ஒரு செக்கனின் 29,97,92,458 பங்கில் ஒரு பங்கு நேரத்திற் செல்லும் தூரமே ஒரு மீற்றர் என்று 1983இல் வகுத்தார்கள். குருசீட பரம்பரை போல, ஒளியிலிருந்து இறங்கி என் மேசைமேல் இருந்த கோளம்வரை அந்தத் தொடர் அறாமல் வந்தது. அதை அறுத்தது என்னுடைய விரல்.

என் வயதுத் தோழர்களில் சிலர் நாளை பட்டறைகளுக்கும் ஆய்கூடங்களுக்கும் போவீர்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் இது. திருத்தம் முடிந்ததும் யந்திரம் தரும் நல்ல எண்களைப் பார்த்து எழுந்துவிடாதீர்கள். விட்டம் தெரிந்த வளையம் ஒன்றை உள்ளே தொட்டும், நீளம் தெரிந்த சிலிப் கேஜ் ஒன்றை வெளியே தொட்டும் பாருங்கள். துளையும் தண்டும் எதிரெதிர்த் திசையிற் பிழைப்பதால் இரண்டும் வேண்டும். சான்றிதழின் இலக்கத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் பதியுங்கள். ஒரு தொழிலாளி, "என் கணக்கு வேறு சொல்லுகிறது" என்று வந்தால், அவருடைய கட்டையை வாங்கி யந்திரத்தில் வையுங்கள். அதற்கு ஐந்து நிமிஷம் போதும். சிவப்பு மையால் எழுதிய பெயரை மீட்க அது போதாது.

பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை பணிவோடு சொல்லலாம். யந்திரங்கள் வந்தபின் அநுபவசாலிகளின் கைக்கு வேலையில்லை என்று சிலர் வருந்துகிறீர்கள். அன்று அந்தத் தொழிற்சாலையிலே யந்திரத்தின் வழுவைக் கண்டுபிடித்தது ஓர் அநுபவசாலியின் கைதான். தன் கருவியை நாள்தோறும் காலையில் ஒரு நியமத்தோடு ஒப்பிடும் பழக்கம் அந்தக் கையில் இருந்தது. என் பௌதிக ஆசிரியர் புள்ளி குறைத்துக் கற்பிக்க முயன்றதும் அதே பழக்கம்தான்.